மத்தியானத் தூக்கத்தில் சேர்ந்த ஹைட்ரஜன்

1927, சூரிக். வால்டர் ஹைட்லர் என்ற இளம் இயற்பியலாளர் காலையில் வெகுநேரம் தூங்கிவிட்டார். எழுந்தால் வேலை ஓடவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுக்கை, சாயங்காலம் 5 மணிவரை! கண்விழித்தபோது, இரண்டு ஹைட்ரஜன் அணுக்களின் அலைச்சார்புகள் கூட்டல் கழித்தல் குறிகளோடு பின்னிக்கொண்டு கண்முன் நின்றனவாம். உடனே நண்பர் ஃபிரிட்ஸ் லண்டனைக் கூப்பிட்டார். ராத்திரி வெகுநேரம் பேசி முடிப்பதற்குள் அந்த அணுக்கள் ஏன் பிணைகின்றன என்பதை விளக்கும் ஆய்வுக்கட்டுரை பெரும்பாலும் தெளிவாகிவிட்டது. தூங்குமூஞ்சி என்று இனி யாரையும் திட்டாதீர்கள்!

சகப்பிணைப்பு என்றால் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வது என்று எழுதி நாமெல்லாம் மார்க் வாங்கிவிட்டோம். பங்கிட்டால் ஏன் ஒட்டவேண்டும்? வாருங்கள், உள்ளே எட்டிப்பார்ப்போம்.

ஹைட்ரஜனின் 1எஸ் ஆர்பிட்டால் ஓர் உருண்டை மேகம். எலக்ட்ரான் அதிகம் தென்படும் தூரம், கருவிலிருந்து 53 பிக்கோமீட்டர். அந்த அளவில் இரண்டு அணுக்கள் தொட்டுக்கொண்டு நின்றால் கருக்களுக்கு நடுவே 106 இருக்கவேண்டும். மூலக்கூறில் அளந்தால் வெறும் 74! அடேயப்பா, ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகிடக்கின்றன.

புகுந்த இடத்தில்தான் வேடிக்கை. அலைச்சார்பை வர்க்கம் எடுத்தால் எலக்ட்ரான் அடர்த்தி. நடுவில் இரு அலைகளும் ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே வர்க்கம் எடுத்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டு. ஆனால் அலைகளை முதலில் கூட்டிவிட்டுத்தான் வர்க்கம் எடுக்கவேண்டும், வருவது நான்கு! இருப்பது இரண்டே எலக்ட்ரான் என்பதால் கணக்கை இறக்கிச் சரிக்கட்ட வேண்டும். அப்படியும் நடுவில் அடர்த்தி கூடுகிறது, வெளியோரங்களில் குறைகிறது. நடுவில் அகப்பட்ட எலக்ட்ரானை இரண்டு கருக்களும் இழுக்கின்றன. ஓர் அலையின் குறி மாறினால் நடுவில் சுழியம், அணுக்கள் விலகி ஓடும். எலக்ட்ரான்களின் தற்சுழற்சி எதிரெதிராக இருந்தால் சேர்க்கை, ஒரே திசையில் இருந்தால் விலக்கம்.

ஹைட்லர், லண்டன் வழியில் கணக்கிட்டால், உண்மையான பிணைப்பு வலிமையில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். முதல் முயற்சிக்கு இது பிரமாதம் என்பேன்.

நைட்ரஜனில் கூத்து இன்னும் அமர்க்களம்! அணுவுக்கு மூன்று பி ஆர்பிட்டால்கள். ஒரு ஜோடி நேருக்கு நேர் முட்டிச் சிக்மா பிணைப்பாகிறது. மீதி இரண்டு ஜோடிகள் பக்கவாட்டில் மேற்பொருந்தி இரண்டு பை பிணைப்புகள். ஹைட்ரஜனைப் பிரிக்க மோலுக்கு 436 கிலோஜூல் என்றால், இதற்கு 945. அதனால்தான் மூச்சில் உள்ளே போகும் நைட்ரஜன் போனபடியே திரும்பிவருகிறது. அம்மோனியா ஆலைக்காரர்களோ இரும்பு வினையூக்கி, 400 டிகிரிச் சூடு, ராட்சத அழுத்தம் எல்லாம் வைத்துக்கொண்டு அதனோடு மல்லுக்கட்டுகிறார்கள்.