கோமாளி மீன்களின் கோபம்

சிதம்பரத்திற்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை உள்ளது. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பவளப்பாறைகளில் வாழும் கோமாளி மீன்களைத் தொட்டிகளிலேயே முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்ப்பதில் இம்மையத்தினர் வெற்றி கண்டுள்ளனர். அழகு மீன்களுக்காகக் கடலைச் சூறையாடாமலிருக்க இது நல்ல வழி.

ஆனால், பார்வைக்கு அழகான இம்மீன்கள் சாதுவானவை அல்ல! வளர்ந்த இரு பெண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால், ஒன்று மற்றதை விரட்டி விரட்டிக் கடிக்கும். துடுப்புகள் கிழியும். தோற்ற மீன் மூலையில் ஒடுங்கி, இரையெடுக்காமல் மடிவதும் உண்டு. கண்ணாடிச் சுவர்களுக்குள் அது எங்கே ஓடும்?

சண்டை ஏன்?

கடலில் இவை கடற்சாமந்தியின் கொட்டும் கரங்களுக்கிடையே சிறு கூட்டமாக வாழ்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண். மற்றவை இனப்பெருக்கம் செய்யாமல் வரிசையில் காத்திருக்கும். பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும்! அடுத்த மீன் ஆணாகும்.

இந்த வரிசை எப்படிக் குலையாமல் இருக்கிறது? பப்புவா நியூகினிக் கடலில் இவற்றை ஆராய்ந்த பீட்டர் பஸ்டன், 2003-இல் விடை கூறினார். ஒவ்வொரு மீனும் தனக்கு மேலுள்ள மீனைவிடச் சிறியதாகவே இருக்கும்படி தன் வளர்ச்சியை அடக்கிக்கொள்கிறது. அளவு நெருங்கினால் போட்டி மூளும். துரத்தப்பட்டுக் கடற்சாமந்தியை விட்டு வெளியேறும் மீன், பெரிய மீன்களுக்கு இரையாகும். சிறிதாக இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

அமைதிக்கு வழி

வீட்டுத் தொட்டிக்கும் இதுவே பாடம். பண்ணையில் பிறந்த இரு இளம் மீன்களை, ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தேர்ந்தெடுக்க வேண்டும். நாளடைவில் பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் மாறும்.

பல இனங்களை வளர்ப்பதானால், சாதுவானவற்றை முதலிலும் சண்டைக்கார மீன்களைக் கடைசியிலும் விடவேண்டும். புதிய மீனை விடுமுன் கற்களை இடம் மாற்றி அடுக்கினால், பழைய மீனுக்குத் தன் எல்லை தெரியாமல் போகும். ஒளிந்துகொள்ளப் பொந்துகள் பல இருக்கட்டும். துளையிட்ட தடுப்புக்கு அப்பால் புதியதைச் சில நாட்கள் வைப்பதும் பயன் தரும். அதன் பிறகும் கடி ஓயவில்லையானால், வேறு தொட்டிதான் வழி.

அடுத்த முறை மீன்தொட்டியைக் காணும்போது, எந்த மீன் எதற்கு வழிவிடுகிறது என்று கால் மணி நேரம் கவனித்துக் குறித்துப் பாருங்கள். அவற்றின் வரிசை உங்களுக்கே புலப்படும்.