மடிப்பு நிற்பது எதனால்?

தெருமுனை இஸ்திரி வண்டியில் வேலை செய்பவரின் கைகளைக் கவனியுங்கள். பருத்திச் சட்டை என்றால் எடுத்ததும் பெட்டியை வைத்துவிட மாட்டார். கிண்ணத்துத் தண்ணீரில் விரல்களை நனைத்து உதறித் தெளிப்பார். துணியைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு உருப்படியைத் தேய்த்து முடித்த பிறகுதான் இதை எடுப்பார். ஈரம் நூலுக்குள் இறங்க அந்த அவகாசம் வேண்டும். பெட்டியின் கனமும் சூடும் வருவதற்கு முன்பே பாதி வேலையைத் தண்ணீர் முடித்துவிடுகிறது.

பருத்தியில் பெரும்பங்கு செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி அது. அலகோடு அலகை இணைப்பது சகப்பிணைப்பு. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதால் உண்டாகும் உறுதியான பிணைப்பு. ஒரு மோல் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகளை அறுக்கச் சுமார் 360 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். துணியைத் தேய்க்கும்போது இந்தப் பிணைப்புகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. பெட்டியை ஒரே இடத்தில் மறந்து வைத்துத் துணி கருகினால்தான் இவை அறுகின்றன. அதன்பிறகு அந்தத் துணியை மீட்க வழியில்லை.

ஒரு சங்கிலியைப் பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டவைப்பது வேறு விசை. ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் மூன்று உண்டு. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுப்பதால் அதற்குச் சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜனுக்குச் சற்றே நேர்மின் தன்மையும் வந்துவிடுகின்றன. எனவே இந்தச் சங்கிலியின் ஹைட்ரஜனை அந்தச் சங்கிலியின் ஆக்சிஜன் ஈர்க்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. இதன் வலிமை மோலுக்குச் சுமார் 20 கிலோஜூல்தான்.

வகுப்பறையில் சகப்பிணைப்பை விரிவாக நடத்திவிட்டு, மூலக்கூறுகளுக்கு இடையிலான விசைகளை அவசரமாகக் கடந்துபோவது வழக்கம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. உலை கொதிப்பது, துணி உலர்வது, சர்க்கரை கரைவது எல்லாம் இந்தச் சிறிய விசைகளின் வேலை. தண்ணீர் ஆவியானாலும் தண்ணீர் மூலக்கூறாகவேதான் இருக்கிறது. மூலக்கூறுகளுக்கு இடையிலான பிடிப்புதான் விட்டுப்போகிறது. அமைப்பில் தண்ணீரை ஒத்த ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறு தண்ணீரைவிடக் கனமானது. ஆனாலும் அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தண்ணீரை 100 டிகிரி வரை திரவமாகப் பிடித்துவைப்பது ஹைட்ரஜன் பிணைப்புதான்.

சட்டைக்கு வருவோம். உட்கார்ந்து எழும்போது துணி மடங்குகிற இடத்தில் சில ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போய், சங்கிலிகள் நழுவி, நழுவிய இடத்திலேயே புதிதாகப் பிணைந்துகொள்கின்றன. அதுவே கசங்கல். வியர்வை ஈரமும் உடல் சூடும் இதை விரைவுபடுத்தும். தெளித்த தண்ணீரும் இதே வேலையைத்தான் செய்கிறது: சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து, ஹைட்ராக்சில் தொகுதிகளைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, சங்கிலிகளை நகர விடுகிறது. உலர்ந்த செல்லுலோஸை இந்த அளவு இளக்க 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஈரமான பருத்திக்கு அறை வெப்பமே போதும். பெட்டி அழுத்தி நேராக்குகிறது, சூடு தண்ணீரை விரட்டுகிறது, நேரான நிலையிலேயே சங்கிலிகள் மறுபடி பிணைந்துகொள்கின்றன. லேசான ஈரத்தோடு மடித்து வைத்தால் மறுநாள் சட்டை கசங்கிக் கிடப்பது இதனால்தான்.

கஞ்சி போடுவதும் இதே கணக்குத்தான். ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலியே. அலகுகள் இணையும் கோணம் மட்டும் வேறு. அதே ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதால் பருத்தியை நன்றாகப் பற்றிக்கொள்கிறது, உலர்ந்ததும் விறைக்கிறது. மழைநாளில் வேட்டியின் மொடமொடப்பு தளர்வதற்குக் காற்றின் ஈரம் காரணம்.

பாலியெஸ்டருக்குத் தெளிப்பு வேண்டாம். அதன் சங்கிலியின் நெடுகிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இல்லை. எடையில் அரை சதவீத அளவுகூட ஈரத்தை வாங்காது. அந்தச் சங்கிலிகளைச் சேர்த்து வைப்பது வாண்டர்வால்ஸ் விசை போன்ற இன்னும் மெலிந்த ஈர்ப்புகள். 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும் என்பதால் சூட்டைக் குறைத்துத் தேய்க்க வேண்டும்.

தண்ணீருக்கு இளகாத பிணைப்பால் பருத்திச் சங்கிலிகளைக் கட்டிவிட்டால் என்ன? அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் ரூத் பெனரிட்டோ (1916–2013) என்ற வேதியியலாளர் இந்தக் கேள்வியில் உழைத்தார். 55 காப்புரிமைகள் பெற்றவர். கசங்காத பருத்தித் துணி உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. துணியை வேதிப்பொருளில் நனைத்துச் சூடாக்கினால் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கு நடுவே சகப்பிணைப்பு விழுகிறது, குறுக்கே தையல் போட்டதுபோல. பலமுறை துவைத்தாலும் துணி பழைய வடிவத்துக்கே திரும்பும். இதற்கு விலையும் உண்டு. நழுவ முடியாத சங்கிலிகளால் இழுவிசையைப் பகிர்ந்துகொள்ள முடியாது, அவை அறுந்துபோகும். அதனால் இத்தகைய துணி வலுவிழந்து, காலர் மடிப்பிலும் கைப்பட்டி ஓரத்திலும் சீக்கிரம் நைந்துவிடுகிறது. பரவலாகப் பயன்படும் வேதிப்பொருள்கள் சிறிதளவு ஃபார்மால்டிஹைடையும் வெளியிடுகின்றன. அதைத் தவிர்க்க எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தையே குறுக்குப் பிணைப்புக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். பிணைப்பு விழுகிறது, ஆனால் வெள்ளைத் துணி மஞ்சளடித்துவிடுகிறது.