ஊர்ப்பேரைப் பின்னாலிருந்து படியுங்கள்

செட்டிநாட்டு வரைபடத்தை விரித்தால் குடி, பட்டி, வயல், கோட்டை, மங்கலம் என்று முடியும் பேர்களாகவே தெரியும். அவற்றைப் படிக்கும் முறை ஆச்சிமார் அடுப்படியிலேயே இருக்கிறது. மிளகுக் குழம்பு, பூண்டுக் குழம்பு, வெண்டைக்காய் மண்டி: கடைசிச் சொல் பண்டத்தின் வகையைச் சொல்லும், முன்சொல் அதில் விழுந்த சரக்கைச் சொல்லும். ஊர்ப்பேரும் அப்படித்தான் இயங்குகிறது.

முதலில் வகையைப் பாருங்கள். குடி என்றால் மக்கள் குடியமர்ந்த இடம். பட்டி சிற்றூர், ஆடுமாடு அடைக்கும் இடத்துக்கும் அதே பேர். ஏந்தல் மழைநீரைத் தேக்கும் சிறு ஏரி. மங்கலம் பெரும்பாலும் பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். புதுவயலுக்கு விளக்கமே வேண்டாம்.

அடுத்து சரக்கு. காரைக்குடியில் இருப்பது காரை என்னும் முட்செடி. நகரத்தாரின் ஒன்பது கோயில் ஊர்களில் இரண்டான இலுப்பைக்குடியும் வேலங்குடியும் மரத்தால் பேர் பெற்றவை. இலுப்பை, வேல், காரை மூன்றும் வறண்ட மண்ணையும் தாங்குபவை. குடியேறியவர்கள் கண்ணில் முதலில் பட்டது எது என்பதை இந்தப் பேர்கள் இன்றுவரை வைத்திருக்கின்றன. குன்றக்குடிக்குப் போனால் சண்முகநாதர் கோயில் கொண்ட குன்றே எதிரில் நிற்கும்.

சரக்கு மாறினால் பேரும் மாறும். பிள்ளையார்பட்டிக்கு மருதங்குடி என்றும் இராசநாராயணபுரம் என்றும் பழைய பேர்கள் உண்டு. மரத்தின் பேர், அரசப் பட்டம் தாங்கிய பேர், கடைசியில் குடைவரைக் கோயிலில் வீற்றிருக்கும் கற்பக விநாயகரின் பேர். ஒரே ஊரின் மூன்று காலங்கள் இவை. எனக்கு இதைவிடப் பெரிய வரலாற்றுப் பாடம் இந்த வட்டாரத்தில் இல்லை.

கானாடுகாத்தான் இந்த முறைக்குள் அடங்காது. வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்று பழைய நாட்டுப் பிரிவுகள் இருந்தன; அந்தக் கானாடு இந்தப் பேரில் அப்படியே தங்கிவிட்டது.

எல்லா இடத்திலும் பின்னாலிருந்து படிக்க முடியாது; வேல்ஸ் நாட்டில் வரிசை தலைகீழ். அங்கே வகைச்சொல் முன்னால் வரும்: அபெர் என்றால் ஆற்று முகத்துவாரம், அபெரிஸ்த்வித் என்பது இஸ்த்வித் ஆறு கடலில் சேரும் இடம்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கில எழுத்தில் அச்சான வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். அதில் ல, ள, ழ மூன்றும் கலந்துவிடும். பேரில் இருப்பது வேலா வேளா என்று தெரியாது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. நிதானமாக மறுபடி செய்ய வேண்டிய வேலை அது. அதுவரை பேருந்தின் நெற்றியில் தமிழில் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.