உங்களுக்குத் தெரியுமா? கையைப் பிடிக்காதீர்கள், முழங்கையைக் கொடுங்கள்!

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக்கோலுடன் நடப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது இங்கேதான். 2010இல் ‘லிட்டில் இந்தியா’ என்று அலங்காரம் செய்வதற்கு வெகு முன்பே இது அவர்களின் பேட்டை.

சாலை கடக்க ஒருவர் நின்றால் நம்மில் பலர் பாசத்தோடு பாய்ந்து கையைப் பிடித்து இழுத்துவிடுவோம். கோலைப் பிடித்து இழுப்பது அதைவிட மோசம்; அது அவருக்குக் கண் மாதிரி. முதலில் குரல் கொடுக்க வேண்டும்: “அண்ணே, ரோட்டைத் தாண்டணுமா?” ‘ஆமாம்’ என்றால் முழங்கையை நீட்டினால் போதும். அதற்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். நடைபாதை விளிம்பில் நீங்கள் இறங்கும்போது உங்கள் தோள் தாழ்வதை அவர் கை உணர்ந்துவிடும்.

நடைபாதையில் அவர்களுக்கு வழிகாட்டும் மஞ்சள் ஓடுகள் தெரிகின்றனவா? நீளக் கோடு என்றால் ‘போ’, புள்ளி என்றால் ‘கவனம், நில்’. இந்த ஓடுகளை உருவாக்கியவர் ஜப்பானியர் செய்இச்சி மியாகே. முதலில் பதித்தது 1967இல், ஒகயாமா நகரில். அவற்றின்மேல் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு தேத்தாரே குடிக்கப் போகும் புண்ணியவான்கள் நம்மூர் கண்டுபிடிப்பு!

வழிகாட்டும் கைக்கு இன்னொரு மரியாதையும் உண்டு. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வழி கேட்டுப் பாருங்கள். ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு கட்டைவிரலால் திசை காட்டுபவர்கள் உண்டு. முகம் தெரியாதவரிடமும் விரல் நீட்டிப் பேசாத மலாய்க்காரர் மரியாதை, நம் கைக்கும் பழகிவிட்டது.