கடல் அலையைக் கணிக்கும் நிரல் ஏன் திறந்திருக்க வேண்டும்?

தடுப்புச் சுவரில் மோதிச் சிதறும் அலையைக் கணினியில் கணக்கிடுவது எளிதன்று. வழக்கமான முறைகள் இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எவ்வளவு வந்து போகிறது என்று பார்க்கின்றன. நீர்ப்பரப்பு மடிந்து துளிகளாகத் தெறிக்கும்போது அதன் எல்லையைப் பின்தொடர்வதே பெரும்பாடாகிவிடும். எஸ்பிஎச் என்ற துகள் முறை, இடத்துக்குப் பதிலாக நீரையே இலட்சக்கணக்கான துகள்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துகளின் அடுத்த அசைவும் அண்டைத் துகள்களின் அழுத்தத்தையும் வேகத்தையும் தொலைவுக்கேற்ப எடையிட்டுக் கணிக்கப்படுகிறது. 1977இல் லூசி ஒருபுறமும், கிங்கோல்டும் மோனகனும் மறுபுறமும் விண்மீன் ஆய்வுக்காக உருவாக்கிய முறை இது. 1994இல் மோனகன் இதைத் தண்ணீருக்குப் பொருத்தினார்.

ஸ்பெயினின் விகோ, பிரிட்டனின் மான்செஸ்டர் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வளர்க்கும் ‘டூயல்எஸ்பிஹிசிக்ஸ்’, ஐஐடி பம்பாயில் உருவான ‘பைஎஸ்பிஎச்’ ஆகிய துகள்முறை மென்பொருள்களில் கணக்கிடும் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். பணம் மிச்சமாவது இதில் சிறிய பயனே. துகள் முறையில் விடையின் தரம், நிரலுக்குள் எடுக்கப்பட்ட முடிவுகளைச் சார்ந்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதை அப்படியே வைத்தால் கணக்கு மிக நுண்ணிய கால இடைவெளிகளில்தான் நகர முடியும். ஆகவே பல நிரல்கள் ஒலிவேகத்தை, நீரோட்டத்தின் உச்ச வேகத்தைப்போல் 10 மடங்கு அளவுக்குக் குறைத்துக்கொள்கின்றன. அதற்கு ஈடாக, நீரின் அடர்த்தி சுமார் 1 சதவீதம் மாறுவதை ஏற்கின்றன. கணக்கு நிலைகுலையாதிருக்கச் சேர்க்கும் செயற்கைப் பிசுக்குமை எவ்வளவு, சுவரைத் துகள்களால் எப்படி அமைப்பது என்பனவும் இத்தகைய முடிவுகளே. சுவர் தாங்க வேண்டிய விசை இவற்றால் மாறக்கூடும் என்பதால், அவற்றை மறைத்துவைத்துவிட்டு விடையை மட்டும் நம்பச் சொல்வது நியாயமாகாது.

வணிக மென்பொருளில் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் உண்டு, திறந்த நிரல் என்பதாலேயே அது சரியாகிவிடாது என்று சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் நிறுவனத்தின் உறுதிமொழியை ஏற்கத்தான் முடியும். திறந்த நிரலைச் சோதிக்க முடியும். 3.22 மீட்டர் நீளத் தொட்டியில் 0.55 மீட்டர் உயர நீரைத் திடீரெனத் திறந்துவிட்டு அளந்த அணை உடைப்புச் சோதனையின் தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன. விடை அதனுடன் பிசகினால், திறந்த நிரலில் காரணத்தை வரிவரியாகத் தேடலாம். துகள் முறைக்குக் கணினித் திறன் அதிகம் தேவை என்ற குறையும் மெய்யே: முப்பரிமாணத்தில் துகள் அளவைப் பாதியாக்கினால் வேலை ஏறத்தாழ 16 மடங்காகும். கிராபிக்ஸ் அட்டைகள் இச்சுமையைப் பெருமளவு குறைத்துள்ளன. மக்களின் உயிரைக் காக்கும் கட்டுமானம் ஒரு கணக்கை நம்பி எழும்போது, அதன் நிரலும் உள்ளீடுகளும் பொதுமக்கள் பார்வைக்கு வரவேண்டும். சரிபார்க்கும் உரிமை அதைக் கட்டுபவர்களோடு முடிந்துவிடக் கூடாது.