வேலிடேட்டருக்கு ரெட்டைப் பிள்ளை ஆகாது

எத்தீரியம் 2022 செப்டம்பர்ல மைனிங்கைக் கைவிட்டுடுச்சு; இப்போ 32 ஈத்தர் பிணையா வச்சா யாரும் வேலிடேட்டர் ஆகலாம். படிக்க வந்தவன் கையில அவ்ளோ ஏது? நான் ஹூடி சோதனை வலையில ஓட்டிப் பழகுறேன். எல்லாமே டாக்கர் கன்டெய்னர்ல.

டாக்கரோட சௌகரியமே, ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணைக் கிளப்பிடலாம்ங்கிறதுதான். எக்ஸிக்யூஷன் கிளையன்ட், கன்சென்சஸ் கிளையன்ட், கண்காணிப்புக்கு ப்ரொமீத்தியஸ், கிராஃபனா, இதுங்களுக்கெல்லாம் அது சரி. ஆனா சாவி வச்சிருக்கிற வேலிடேட்டர் கிளையன்ட்டுக்கு மட்டும் ஆகாது மக்களே! ஒரே சாவியோட ரெண்டு கன்டெய்னர் ஓடி, ஒரே சுற்றுக்கு ரெண்டு விதமா ஓட்டுப் போட்டா 'ஸ்லாஷிங்'. பிணையில வெட்டு, கட்டாய வெளியேற்றம். சும்மா அரை நாள் நின்னுபோனா, சாதாரண நேரத்துல சில்லறைதான் நஷ்டம்.

அதனால, ஏற்கனவே எதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டோம்ங்கிற டேட்டாபேஸை கன்டெய்னருக்கு வெளியே வால்யூம்ல வைங்க. உள்ளேயே இருந்தா கன்டெய்னரை அழிக்கும்போது அதுவும் போயிடும். 'டாப்பல்கேங்கர்' பாதுகாப்பையும் போட்டு வைங்க. அதே சாவி வேற எங்கயாவது ஓடுதான்னு ரெண்டு மூணு சுற்று பார்த்துட்டுதான் வேலையை ஆரம்பிக்கும். ஒரு சுற்று 6.4 நிமிஷம், காத்திருக்கலாம். தூங்குற வேலிடேட்டரை எழுப்பிக்கலாம், வெட்டுப்பட்டதை மறுபடி உள்ள சேர்க்க முடியாதுங்க.

வர்ட்டா?