பின்னே பார்க்கும் கருவிக்கு மின்சாரம்

மோட்டார் காரைப் பின்னோக்கிச் செலுத்துவோருக்குத் துணையாக, பின்புறத்துப் பம்பரில் பொத்தான்களைப் போன்ற நான்கு சிறு கருவிகளைப் பதித்து வைக்கும் வழக்கம் இன்று எங்கும் பரவியிருக்கிறது. பார்க்கிங் சென்ஸர் என்பது அவற்றின் பெயர். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதிக்குப் பின் தயாராகும் கார்களில் இக்கருவி இருந்தே தீரவேண்டும் என்பது விதி. அதற்கு முன் வாங்கிய வண்டியை உடையவர்கள் இதைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளுகிறார்கள். பொருத்துவது பெரிய காரியமன்று. ஆனால் அதற்கு வேண்டிய மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது, எவ்வாறு எடுப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. அதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில், இக்கருவி செய்யும் வேலை யாது? வௌவால் தன் குரலின் எதிரொலியைக் கேட்டு வழியறிவதுபோல இதுவும் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. அந்த ஒலி செகண்டுக்குச் சுமார் 40,000 அதிர்வுகள் கொண்டது. நம் காதுக்கு எட்டும் எல்லை 20,000. ஆகவே அது நமக்குக் கேட்பதில்லை. ஒலி காற்றில் செகண்டுக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லுகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் சுவர் இருந்தால், ஒலி போய்த் திரும்ப ஓராயிரத்தில் 6 பங்கு செகண்டு ஆகிறது. இந்தச் சிறு காலத்தை அளந்து, தூரம் குறையக் குறைய மணியொலியை விரைவுபடுத்துவதே கருவியின் தொழில்.

இதற்குச் சில வாட் மின்சாரமே போதும். காரின் பாட்டரி முழுதும் ஊட்டம் பெற்றுச் சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடுகையில் 14 வோல்ட்டை ஒட்டி ஏறும். கடையில் விற்கும் கருவிகள் இதற்கேற்பவே அமைந்தவை. லாரிகளிலும் பெரிய பஸ்களிலும் இருப்பது 24 வோல்ட். காருக்குரிய கருவியை அவற்றில் இணைத்தால் அது கெட்டுப்போகும்.

இனி, மின்சாரத்தை எங்கே எடுப்பது? பாட்டரியிலிருந்து நேரே ஒரு வயரை இழுத்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். அப்படிச் செய்தால் வண்டி நிற்கும்போதும் கருவி விழித்துக்கொண்டே இருக்கும். அது கால் ஆம்பியர் மின்சாரம் உண்பதாக வைத்துக்கொள்வோம். 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரியில் பாதியை அது 90 மணி நேரத்தில், அதாவது நான்கு நாளுக்குள், தீர்த்துவிடும். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வருபவர் சாவியைத் திருப்பினால் எஞ்சின் அசையாது.

கருவி வேலைசெய்ய வேண்டிய நேரம் எது? ரிவர்ஸ் கியர் போடும் நேரம் மட்டுமே. அதே நேரத்தில் எரிவதற்கென்று ஒரு வெள்ளை விளக்கு வண்டியின் பின்னால் ஏற்கெனவே இருக்கிறது. அந்த விளக்குக்குச் செல்லும் வயரிலிருந்து கருவிக்குக் கிளை எடுப்பதே முறை. பழைய வண்டிகளில் அந்த விளக்கு 21 வாட் பல்பு. ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுப்பது. அதன் பக்கத்தில் கருவியின் தேவை அற்பம்.

புதிய வண்டிகளில் இது அவ்வளவு நேரானதன்று. அவற்றில் விளக்குகளை ஒரு கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது. சில வண்டிகளில் மின்சாரம் தொடர்ந்து செல்லாமல் துடிப்புத் துடிப்பாகச் செல்லும். அங்கே கிளை எடுத்தால், விளக்கு கெட்டுவிட்டதாகக் கம்ப்யூட்டர் மயங்கலாம், கருவியும் தடுமாறலாம். அத்தகைய வண்டியில் கம்பெனியின் குறிப்பேட்டைப் பார்த்து, தயாரிப்பாளர் காட்டும் வழியிலேயே இணைப்பது நன்று.

அடுத்தது ப்யூஸ். இதனை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விளக்கின் வழியில் முன்பே ஒரு ப்யூஸ் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்பார்கள். அந்த ப்யூஸ் 10 ஆம்பியருக்கு உரியதானால், அது அந்த வழியிலுள்ள தடித்த வயரைக் காப்பதற்கு வைத்தது. கருவியின் வயரோ மெல்லியது. பம்பர் விளிம்பில் அது உராய்ந்து, உறை தேய்ந்து, தகட்டைத் தொட்டால், 8 அல்லது 9 ஆம்பியர் பாயக்கூடும். பெரிய ப்யூஸ் அதைப் பொருட்படுத்தாது. மெல்லிய வயர் சூடேறி, உறை உருகி, நெருப்புக்கு இடம் உண்டாகும். ஆகவே கிளை பிரியும் இடத்துக்கு மிக அருகில் ஒன்று அல்லது இரண்டு ஆம்பியர் ப்யூஸ் வைக்கவேண்டும். கருவியின் பக்கத்தில் வைத்தால், இடையிலுள்ள வயருக்குக் காவல் இல்லை.

மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியும் முக்கியம். எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் திருகாணியால் இறுக்கவேண்டும். வயர்களை முறுக்கி டேப் சுற்றுவது போதாது. மழைநீரும் அதிர்ச்சியும் சில மாதங்களில் அந்த இணைப்பைப் பிரித்துவிடும். வேலை தொடங்குமுன் பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுதல் அவசியம். மஞ்சள் உறையிட்ட வயர்களைத் தொடவே கூடாது. அவை பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை.

இத்தனை கவலையும் ஏன்? கருவி மௌனமாக இருந்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. பின்னால் ஒன்றும் இல்லை என்பது ஒன்று. கருவிக்கு மின்சாரமே வரவில்லை என்பது மற்றொன்று. ஓட்டுபவர் காதுக்கு இரண்டும் ஒன்றே. கருவியை நம்பிப் பழகியவர் திரும்பிப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுகிறார். அப்போது தளர்ந்த ஓர் இணைப்பு, வண்டிக்குப் பின் விளையாடும் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியும். பல கருவிகள் ரிவர்ஸ் கியர் போட்டவுடன் ஒருமுறை ஒலித்துத் தாம் விழித்திருப்பதை அறிவிக்கும். அந்த ஒலி கேட்டபின்பே வண்டியை நகர்த்துங்கள். கேட்டபின்னும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மெல்லிய கம்பியையும், தாழக் கிடக்கும் கல்லையும் அக்கருவி தவறவிடுவது உண்டு. கருவி நமக்குத் துணையேயன்றி நம் கண்ணுக்கு மாற்று ஆகாது.